பழகும் கைக்குச் சிறிய தோட்டா

திரைப்படத்தில் துப்பாக்கியைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இல்லை. 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்று பெயர் பெற்ற ஜெய்சங்கர் காலம் தொட்டு, கதாநாயகன் இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவுவதும், ஓடிக்கொண்டே சுடுவதும், எதிரி சுருண்டு விழுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். அந்தக் கதாநாயகன் சுடப் பழகியது எப்போது, யாரிடம், எந்தத் துப்பாக்கியில் என்று மட்டும் எந்தப் படமும் நமக்குச் சொன்னதில்லை.

உண்மையில் கைத்துப்பாக்கியைக் குறி தவறாமல் சுடுவது மிகக் கடினமான பழக்கம். நீண்ட துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னத்தோடு அணைத்துக்கொள்ளலாம். கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. குழலின் முனை ஓர் அரிசியின் கனம் விலகினால் போதும். 25 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் விலகிப் போய்விடும். ஆகவே துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் எந்தக் கைத்துப்பாக்கியைக் கொடுப்பது என்பது ஒரு பெரிய கேள்வியாகவே இருந்து வருகிறது. இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: '.22'. 'பாயிண்ட் டுவெண்டிடூ' என்பார்கள்.

நம் நாட்டில் கடைக்குப் போய்த் துப்பாக்கியைப் பொறுக்கி எடுக்கும் வழக்கம் இல்லை. இல்லாமற் போனதற்கு நம் தோட்டங்களைத் தொட்டுச் செல்லும் ஒரு வரலாறு உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம். முதலில் இந்தச் சிறிய தோட்டா எங்கே பிறந்தது, அது ஏன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஆயிற்று என்று பார்ப்போம்.

இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. 'குண்டு' என்பது குழலிலிருந்து பறந்து போகும் ஈயத் துண்டு. 'தோட்டா' என்பது அந்தக் குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பொருள், இவற்றை அடக்கிய உலோகக் கூடு ஆகிய எல்லாம் சேர்ந்தது. .22 என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் கணக்கு. ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி அதில் 22 பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 5.6. காய்ந்த பட்டாணியின் பருமனுக்கும் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் பிறப்பிடம் பாரிஸ் நகரம். அந்நாளில் துப்பாக்கியில் மருந்து இடுவது அம்மியில் அரைப்பது போல நேரம் பிடிக்கும் வேலை. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கி, பின்புறத்தில் ஒரு செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். அந்தத் தொப்பிக்குள் இருக்கும் மருந்து அடிபட்டதும் பொறி கக்கி, உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளி 1845-இல் ஒரு புது வழி கண்டார். தொப்பியின் வாயிலேயே ஒரு சிறு குண்டைச் செருகிவிட்டால் என்ன என்று எண்ணினார். தனியாக வெடிமருந்தே வேண்டியதில்லை. தொப்பியின் சொந்த வெடிப்பே குண்டைத் தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்ட குண்டு ஓர் அறையைக் கடக்கும் வேகத்தில்தான் போயிற்று. அதனால் என்ன? பாரிஸ் செல்வர்கள் தங்கள் மாளிகைக் கூடத்திலேயே பலகையை மாட்டிவைத்துச் சுட்டு விளையாட அது போதுமானதாக இருந்தது. 'வரவேற்பறைத் துப்பாக்கி' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1851-இல் லண்டனில் நடந்த பெருங்காட்சிக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் அந்தப் பிரெஞ்சு விளையாட்டுப் பொருளைக் கையிலெடுத்தார்கள். கூட்டைச் சற்று நீட்டினார்கள்; உள்ளே கருமருந்து சேர்த்தார்கள். கூட்டின் அடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் பற்றவைக்கும் மருந்து அடங்கியிருக்கும். துப்பாக்கியின் சுத்தியல் அந்த விளிம்பை நசுக்கியதும் தோட்டா வெடிக்கும். 1857-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இவர்கள் வெளியிட்ட ஏழு தோட்டாச் சுழல் துப்பாக்கிதான் .22 கைத்துப்பாக்கிகளுக்கெல்லாம் பாட்டன்.

இந்த விளிம்பு அமைப்பை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விளிம்பு நசுங்கினால்தான் தோட்டா வெடிக்கும். நசுங்க வேண்டுமென்றால் கூடு மெல்லியதாக இருக்க வேண்டும். கூடு மெல்லியதாக இருந்தால் உள்ளே அதிக மருந்தை அடைக்க முடியாது. ஆகவே இந்தத் தோட்டா சிறியதாக இருப்பது அதன் உடல்வாகிலேயே எழுதப்பட்ட விதி. தனிப் பற்றுமருந்துக் கிண்ணம் இதற்குத் தேவையில்லாததால் செய்வதும் எளிது, விலையும் மலிவு. குறையும் இதில்தான் இருக்கிறது: மடிப்புக்குள் மருந்து ஒருபுறம் சரியாகப் பரவாவிட்டால், சுத்தியல் அடித்தும் வெடிக்காமல் போகும்.

இந்தச் சுழல் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு சோகக் கதையும் உண்டு. தோட்டாவைப் பின்புறமிருந்து நுழைக்கும்படி உருளையை முழுவதும் துளைக்கும் உரிமையை ரோலின் வைட் என்பவர் 1855-இல் பதிவு செய்திருந்தார். ஸ்மித்தும் வெஸ்ஸனும் துப்பாக்கி ஒன்றுக்கு 25 காசு தருவதாக அவரிடம் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆனால் எவராவது அந்த உரிமையை மீறினால் வழக்குச் செலவு முழுவதும் வைட்டுடையது என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. உரிமை 1869-இல் முடியும் வரை அவர் வழக்கு மேல் வழக்காக நடத்தி, வந்த காசையெல்லாம் வழக்கறிஞர்களிடமே கொட்டினார். படிக்காமல் பெருவிரல் ரேகை வைத்த நம் முன்னோர்களின் ஒப்பந்தப் பத்திரங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. வைட் படித்தவர், அவர் கதியே அப்படி.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்கள் பலர் தங்கள் சொந்தக் காசில் இந்தத் துப்பாக்கியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். போருக்கு அது போதவில்லை. அதன் உண்மையான வாழ்வு 1887-இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு ஸ்டீவன்ஸ் துப்பாக்கிக் கம்பெனி '.22 லாங் ரைஃபிள்' என்ற தோட்டாவை உருவாக்கிற்று. இன்று உலகம் முழுவதும் .22 என்றால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதன் குண்டு சாதாரணமாக 2.6 கிராம் எடையுள்ளது. அமெரிக்க இராணுவம் 1911 முதல் பல பத்தாண்டுகள் வைத்திருந்த .45 கைத்துப்பாக்கியின் குண்டு ஏறக்குறைய 15 கிராம். ஐந்து மடங்குக்கும் மேல்!

இந்த எடை வித்தியாசத்தில்தான் பழகுகிறவரின் கதை இருக்கிறது. துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு முன்னே போவது போலவே துப்பாக்கி பின்னே உதைக்கிறது. குண்டின் எடையும் மருந்தின் அளவும் கூடக் கூட உதையும் கூடும், ஓசையும் கூடும். புதியவர் ஒருவர் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து முதல் தடவை சுடச் சொன்னால் அவர் பெரும்பாலும் நன்றாகவே சுடுவார். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாதல்லவா? ஆபத்து இரண்டாவது தடவையில் வருகிறது. இப்போது கைக்கு உதை தெரியும், காதுக்கு இடி தெரியும். விசையை விரல் இழுக்கத் தொடங்கியதுமே கண் மூடுகிறது, தோள் சுருங்குகிறது, மணிக்கட்டு குழலைக் கீழே தள்ளுகிறது. குண்டு புறப்படும் முன்பே குறி போய்விடுகிறது. ஊசி போட வரும் டிரஸரைக் கண்டதும் குழந்தை கையை இழுத்துக்கொள்ளுமே, அதே கதைதான். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உடம்பு தானே செய்கிறது. ஒரு முறை இந்த வெருட்சி கையில் புகுந்துவிட்டால் அதை வெளியேற்றப் பல மாதங்கள் ஆகும்.

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பழகுகிறவருக்குத் தெரியாமல் வெடித்துமுடிந்த வெற்றுக் கூட்டை ஒரு நல்ல தோட்டாவுக்குப் பதிலாகச் செருகிவிடுவார்கள். விசை இழுபடும், வெடி வராது, ஆனால் குழல் மட்டும் குப்பென்று கீழே குனியும். அப்போதுதான் அவருக்கே தம் கையின் குற்றம் தெரியும். .22-இல் உதை மிகக் குறைவு என்பதால் இந்த வெருட்சி குடியேறுவதற்கு முன்பே, நிற்கும் நிலை, பிடிக்கும் பிடி, மூச்சை அடக்குதல், விசையை மெல்ல அழுத்துதல் ஆகியவற்றைக் கை கற்றுக்கொண்டு விடுகிறது. நம்மவர்களுக்கு இது புதிய பாடமன்று. பால் வெட்டப் பழகுகிறவர் கையில் உளியைக் கொடுத்து, நன்றாகப் பால் சுரக்கும் இளமரத்தில் போய் வெட்டு என்று எந்த அனுபவசாலியும் சொல்லமாட்டார். ஆழமாக வெட்டினால் பட்டை காயப்பட்டுப் புடைத்துப் போகும்; பிறகு அந்த மரம் எத்தனை ஆண்டானாலும் அந்தத் தழும்பைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் 'சிறிய தோட்டா' என்றதும் 'சிறிய துப்பாக்கி' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் பலரும் தவறான தேர்வு செய்கிறார்கள். பெல்ஜியத்தில் செய்யப்பட்ட உள்ளங்கை அளவான 6.35 மில்லிமீட்டர் பிரவுனிங் துப்பாக்கி, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. குண்டு சிறியதுதான். துப்பாக்கியோ சட்டைப் பையில் மறையும் அளவு. இரண்டு விரல் பிடிக்கத்தான் அதன் கைப்பிடியில் இடமுண்டு. குழல் மிகக் குட்டை. குறிபார்க்கும் முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியது போல நிற்கும். தேர்ந்தவர்களே அதில் குறி தவறுவார்கள். அதில் போய்ப் புதியவர் பழகுவதென்பது பொம்மை உளியால் பால் வெட்டுவது போலத்தான்.

இந்த உண்மையை ஒரு வியாபாரி உணர்ந்திருந்தார். சான் பிரான்சிஸ்கோ நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஃபில் பெகார்ட் என்பவர், .22 தோட்டாவுக்குக் கனமான உடலும் நீண்ட குழலும் உள்ள ஒரு சுழல் துப்பாக்கி வேண்டும் என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியிடம் வற்புறுத்தினார். 1911-இல் அது வெளிவந்தது. உதை குறைந்த தோட்டாவைக் கனமான துப்பாக்கியில் இட்டால் உதை இன்னும் குறைகிறது. கனம் கையின் நடுக்கத்தையும் தணிக்கிறது. 1915-இல் ஜான் பிரவுனிங் வரைந்து கோல்ட் கம்பெனி செய்த பத்துத் தோட்டாத் தானியங்கி இன்னொரு படி முன்னே போயிற்று. 1927-இல் அதற்கு 'வுட்ஸ்மன்' என்று பெயர் சூட்டினார்கள். 1977 வரை அது தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்டது. உள்ளங்கைத் துப்பாக்கியை வரைந்தவரும் இதே பிரவுனிங்தான் என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஒன்று ஒளித்து வைப்பதற்கு, மற்றொன்று குறி பழகுவதற்கு. வேலை எதுவோ அதற்கேற்ற கருவி.

இராணுவமும் இதைக் கண்டுகொண்டது. .45 தோட்டா விலை கூடியது. பயிற்சியில் பணம் புகையாய்ப் போனது. எனவே 1931-இல் இராணுவத் துப்பாக்கியைப் போன்றே உருவமும் எடையும் கொண்ட .22 ஒன்றைக் கோல்ட் கம்பெனி வெளியிட்டது. அந்தக் கனமான துப்பாக்கியின் மேற்பாகத்தைத் தள்ளிவிட .22-இன் பலம் சில வேளைகளில் போதவில்லை. அதற்கு ஒரு மிதக்கும் அறையை அமைத்துத் தீர்வு கண்டவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். அவர் ஒரு கைதியாக இருந்தவர். கள்ளச்சாராயம் காய்ச்சிய இடத்தில் 1921-இல் நடந்த சோதனையில் ஓர் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக வட கரோலைனா சிறைப் பண்ணைக்கு அனுப்பப்பட்ட வில்லியம்ஸ், அங்குள்ள பட்டறையிலேயே துப்பாக்கி அமைப்புகளைச் செய்யத் தொடங்கினார். கைதிக்குத் துப்பாக்கி செய்ய இடம் கொடுத்த சிறை அதிகாரியை எண்ணி நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. 1952-இல் ஹாலிவுட்டில் அவர் வரலாறு திரைப்படமாகவும் வந்தது.

போருக்குப் பிறகு கதையில் ஒரு திருப்பம். மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியைக் கண்ட பெரியவர்கள், ஜப்பானிய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய 'நம்பு' துப்பாக்கியைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த நம்புவில் ஒரு சிறிய வகையை அமெரிக்க வீரர் ஒருவர் போரிலிருந்து கொண்டுவந்தார். வில்லியம் ரூகர் என்ற இளைஞர் அதை வாங்கி, தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் வைத்து அதைப் போலவே செய்து பார்த்தார். அந்தத் துப்பாக்கியை அவர் விற்கவில்லை. அதன் அமைப்பிலிருந்து கற்ற பாடத்தை .22-க்கு மாற்றினார். ஓவியரும் எழுத்தாளருமான அலெக்ஸாண்டர் ஸ்டர்ம் 50,000 டாலர் முதல் போட்டார். 1949-இல் கனெக்டிகட் மாநிலத்து சவுத்போர்ட்டில் தொழில் தொடங்கிற்று.

இரும்புப் பாளத்தைக் குடைந்து உடலைச் செய்வதுதான் அதுவரை வழக்கம். ரூகர் இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, இரண்டு பாதிகளையும் பற்றவைத்துக் கைப்பிடிச் சட்டத்தைச் செய்தார். வேலை குறைந்தது, விலையும் குறைந்தது. 37 டாலர் 50 காசுக்கு, சம்பளக்காரர் வாங்கக்கூடிய நல்ல பயிற்சித் துப்பாக்கி கிடைத்தது. பங்காளி ஸ்டர்ம் 1951-இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் வரைந்த கழுகுச் சின்னத்தின் சிவப்பு நிறத்தைத் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்பாக்கினார் ரூகர். அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு குறை உண்டு: துடைப்பதற்காகக் கழற்றிவிட்டால் திரும்பப் பூட்டுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிடும். 2016-இல் வந்த நான்காம் வகையில்தான் அதை முழுமையாகச் சரிசெய்தார்கள்.

சுழல் துப்பாக்கியா, தானியங்கியா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. குறி சுடுவதற்குத் தானியங்கி வசதியானதுதான். ஆனால் முதன்முதலில் தொடுகிறவருக்குச் சுழல் துப்பாக்கியே மேல் என்று சொல்வோரின் பக்கம்தான் நாம் நிற்கிறோம். அதன் உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். தானியங்கியில் அப்படியில்லை. கைப்பிடியிலிருந்து தோட்டா அடுக்கை உருவியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். குழலின் பின்னறையில் ஒரு தோட்டா ஒளிந்திருக்கும். 'காலித் துப்பாக்கி' என்று விளையாட்டாக நீட்டி நடந்த சாவுகளில் பல இந்த ஒரு தோட்டாவால் வந்தவை. வெடிக்காத தோட்டாவைப் பற்றியும் ஒரு விதி உண்டு. சுத்தியல் அடித்தும் வெடிக்காவிட்டால், உடனே திருப்பிப் பார்க்கக் கூடாது. குழலைக் குறிப்பலகை நோக்கியே அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். மருந்து மெல்லப் புகைந்து, தாமதமாக வெடிப்பதுண்டு.

இந்தச் சிறிய தோட்டாவோடு மனிதர் ஒருவர் செய்த தவத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. கரோய் தாகாச் ஹங்கேரி இராணுவத்தில் ஒரு சார்ஜண்ட். கைத்துப்பாக்கியில் சிறந்தவர். 1936-இல் உயர் அதிகாரி இல்லை என்ற காரணத்தால் ஒலிம்பிக் குழுவில் இடம் மறுக்கப்பட்டது. 1938-இல் பயிற்சியின் போது கோளாறான கையெறி குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. சுட்டுப் பழகிய கை போயிற்று. மருத்துவமனையிலிருந்து வந்தவர் யாரிடமும் சொல்லாமல் இடக்கையில் பழகத் தொடங்கினார். எழுதவும் உண்ணவும் கூடப் பழகாத கை! அடுத்த ஆண்டே, 1939-இல், தேசியப் போட்டியில் அவரைப் பார்த்து ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், அவர் போட்டியாளராக நிற்பதைக் கண்டு திகைத்தார்கள். அவரே வென்றார். பிறகு போர் வந்தது, ஒலிம்பிக் நின்றது. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில், 38 வயதில், 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் 580 புள்ளி எடுத்து உலகச் சாதனையோடு தங்கம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம். அந்தப் போட்டியில் சுடப்படுவது .22 தோட்டாதான். பெண்களுக்கான கைத்துப்பாக்கிப் போட்டி 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதிலும் .22-தான். குடும்பம், சமையல் பள்ளி என்று பல ஆண்டு விலகியிருந்து திரும்பி வந்த கனடாவின் லிண்டா தாம் அதில் முதல் தங்கத்தை வென்றார்.

இதுவரை கேட்டதில், .22 என்பது ஏதோ விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் யாருக்காவது வந்திருந்தால் அதை இப்போதே கலைத்துவிட வேண்டும். அந்தச் சிறு குண்டு வானை நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ஒரு மைலுக்கும் மேல் போகும். 1968 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டு வழியில் ராபர்ட் கென்னடியைச் சாய்த்தது .22 சுழல் துப்பாக்கி. மறுநாள் அவர் இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. தபால் வழியே துப்பாக்கி விற்பதை அது தடுத்தது. 21 வயது நிரம்பாதவருக்கு வியாபாரி கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்றது. வெளிநாட்டு மலிவுக் கைத்துப்பாக்கிகளையும் தடுத்தது. வியாபாரிகள் உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்து உள்நாட்டிலேயே பூட்டி விற்றார்கள். 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டது அப்படிப் பூட்டப்பட்ட ஒரு மலிவு .22. காரில் பட்டுத் தெறித்த குண்டு அவர் இடது கைக்கு அடியில் பாய்ந்தது. அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில் காயமுற்று வாழ்நாள் முழுதும் ஊனமானார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாட்டில் அவசரகாலம் பிறந்தது. துரைமார் இடுப்பில் துப்பாக்கி ஏறியது. தோட்டத்து வாயில்களில் ஆயுதக் காவல் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்று விதி செய்யப்பட்டது. அது சுடப்பட்டதா, சுடப்படவில்லையா, குழல் எவ்வளவு என்று அந்த விதி கேட்கவில்லை. அனைத்து மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாக்களுடனும் பிடிபட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகப் பேசிய ஒருவர் ஒரு கைத்துப்பாக்கியின் பேரால் போனார் என்பதை நம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போலீஸ் உரிமம் வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனையைக் கூட்டியது: உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி, கொள்ளை போன்ற குற்றத்தின் போது சுட்டால் கட்டாய மரண தண்டனை. அந்தக் கட்டாயம் 2023-இல் நீக்கப்பட்டு, முடிவு நீதிபதியின் கையில் விடப்பட்டது. சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இதிலும் கடுமையானது. சுடும் கலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இரு நாட்டிலும் வழி இல்லாமற் போகவில்லை. பதிவு பெற்ற சுடும் சங்கங்களில் பயிற்சியாளரின் கண்முன்னே பழகலாம். .22-க்கும் முன்னதாகக் காற்றால் சுடும் 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கியில் தொடங்குவதும் உண்டு. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூரின் தியோ ஷுன் ஸி தங்கம் வென்றது அந்தக் காற்றுக் கைத்துப்பாக்கியில்தான்.

முடிப்பதற்கு முன் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மறுநடவுக்காக நிலம் தோண்டும் இடங்களிலும், பழைய ஆற்றோரங்களிலும் போர்க்காலத்து, அவசரகாலத்துத் தோட்டாக்கள் தலைகாட்டக்கூடும். பச்சை பூத்துக் கிடப்பதால் செத்துப்போன இரும்பு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். .22 தோட்டாவின் மருந்து விளிம்பின் மடிப்பிலேயே இருக்கிறது என்று முன்பு சொன்னோம். கல்லால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், துப்பாக்கி வேண்டாம். கூடே பிளந்து சில்லாகக் கண்ணில் பாயும். கண்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, போலீஸ் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.